அடங்காப்பிடாரிகள் படித்த பள்ளிக்கூடம்

(திரைப்படச் சங்கக் கூட்டம் ஒன்றில், படம் திரையிடுவதற்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று மாலை நாம் பார்க்கப்போகும் படம் 1954இல் வெளிவந்த 'தி பெல்ஸ் ஆஃப் செயிண்ட் டிரினியன்ஸ்'. அதற்கு முன்னுரையாகக் கொஞ்ச நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கதையைச் சொல்லிக் கெடுத்துவிடுவேனோ என்று யாரும் பயப்பட வேண்டாம். இந்தப் படத்தில் கதை ஒரு சாக்குத்தான். நான் பேச வந்தது படத்துக்குப் பின்னால் நடந்த சங்கதிகள். பத்திரிகைகளில் பக்கத்தின் மூலையில் துணுக்காகப் போடுவார்களே, அந்த ரகம். ஆனால் இந்தத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனால், முக்கால்வாசி இரண்டாம் உலகப் போரில் போய் நிற்கின்றன. பெண்பிள்ளைகள் ஹாக்கி மட்டையால் மண்டையைப் பிளக்கும் ஒரு கேலிக்கூத்துக்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில், படத்துக்கு மூலமான கார்ட்டூன்கள். அவற்றை வரைந்த ரொனால்ட் சேர்ல் 1920இல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். அப்பா ரயில் நிலையத்தில் சுமை தூக்கும் போர்ட்டர். பையன் படம் வரைவதில் கெட்டிக்காரன். 1939இல் ராணுவத்தின் பொறியாளர் படையில் சேர்ந்தார். ஸ்காட்லாந்தில் கர்க்கூபிரி என்ற சிற்றூரில் அவருடைய படைப்பிரிவு முகாமிட்டிருந்தபோது, ஜான்ஸ்டன் என்ற குடும்பத்தோடு பழக்கம். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் இருவரும் எடின்பரோவைச் சேர்ந்த செயிண்ட் டிரினியன்ஸ் பள்ளி மாணவிகள். ஆமாம், அப்படி ஒரு பள்ளி நிஜமாகவே இருந்தது. எழுத்துக்கூட்டல்தான் கொஞ்சம் வேறு. 1922இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் டால்டன் முறை என்ற அமெரிக்கக் கல்வித் திட்டத்தைப் பின்பற்றினார்கள். எந்தப் பாடத்தை எப்போது படிப்பது என்பதை மாணவியே திட்டமிட்டுக்கொள்ளலாம். பிரம்படிக் காலத்தில் இப்படி ஒரு சுதந்திரம் கொடுத்தால் ஊர் என்ன பேசும்? பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஆடுகிற பள்ளி என்று கேலி பேசியது. உண்மையில் அங்கே படித்தவர்கள் பள்ளியை உயிராக நேசித்தார்கள். அந்த இரண்டு பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதற்காக, அவர்களுடைய பள்ளியின் பெயரைப் போட்டுச் சேர்ல் ஒரு கார்ட்டூன் வரைந்தார். அது 1941 அக்டோபரில் 'லில்லிபுட்' என்ற மாத இதழில் வெளியானது. படத்தைத் தேர்ந்தெடுத்தவர் அந்த இதழின் துணையாசிரியை கே வெப். பின்னாளில் சேர்லின் மனைவி. அதற்கும் பிறகு பஃபின் குழந்தைப் புத்தகங்களுக்குப் பெரும்பேர் வாங்கித் தந்த பதிப்பாசிரியை.

அந்த முதல் கார்ட்டூனில் விபரீதமாக ஒன்றும் கிடையாது. பள்ளி விளையாட்டுப் போட்டி ஒன்று போர்ச் சூழலால் தள்ளிவைக்கப்பட்டது என்கிற மாதிரி ஒரு சாதுவான நகைச்சுவை. அதோடு முடிந்திருக்க வேண்டியது.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். 1942 ஜனவரியில் சேர்லின் படைப்பிரிவு அங்கே போய் இறங்கியது. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்துவிட்டது. சில வாரங்கள்தான் போர். பிறகு மூன்றரை வருஷம் சிறை. முதலில் சாங்கி முகாம். 1943இல் அங்கிருந்து சயாமுக்கு, பர்மா ரயில்பாதை போடுகிற வேலைக்குக் கொண்டுபோனார்கள். மலேயாத் தமிழர்களுக்கு இந்த ரயில்பாதையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சயாம் மரண ரயில் என்று அவர்கள் வீடுகளில் இன்றும் பேசுகிறார்கள். 415 கிலோமீட்டர் பாதை. அதில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள், பர்மியர்கள், மலாய்க்காரர்கள், ஜாவாக்காரர்கள் ஆகிய கூலித் தொழிலாளர்களின் சாவு அதைப்போலப் பல மடங்கு. அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூடச் சரியாக இல்லை.

சேர்ல் அங்கே மலேரியாவிலும் பெரிபெரியிலும் கிடந்தபடி வரைந்துகொண்டே இருந்தார். கிடைத்த காகிதம், கிடைத்த மை. மூங்கில் படுக்கையில் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறவர்கள், பாறையைத் தூக்குகிறவர்கள், காவலுக்கு நிற்கிற சிப்பாய்கள் எல்லாம் அந்தப் படங்களில் இருக்கிறார்கள். பிடிபட்டால் தலை போகும். எங்கே ஒளித்துவைத்தார் தெரியுமா? காலரா வந்து சாகக் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில். காவலர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அப்படித் தப்பிய சுமார் 300 படங்கள் இன்று லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1986இல் புத்தகமாகவும் வந்தது. அந்தப் புத்தகத்தை முழுதாகப் புரட்டிவிட்டு உடனே செயிண்ட் டிரினியன்ஸ் தொகுப்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதே குச்சிக் கால்கள், அதே குழிந்த கண்கள், கூராகக் கிழித்துக்கொண்டு போகிற அதே கோடு.

சாங்கியில் இருந்தபோதே அவர் பழைய பள்ளிக்கூடத்தை மறுபடி வரையத் தொடங்கிவிட்டார். விடுதலையாகி வந்ததும் 1946இல் அவை அச்சேறின. இப்போது பிள்ளைகள் மாறிவிட்டார்கள். சித்திரவதைக் கருவி வைத்திருக்கிறார்கள், விஷம் காய்ச்சுகிறார்கள், தோழியைத் தூக்கில் மாட்டுகிறார்கள். டீச்சர்கள் இதையெல்லாம் சளி இருமல் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு படத்தில், நேற்று ராத்திரி கிழக்குக் கட்டடத்துக்குத் தீ வைத்தது யார், கையைத் தூக்கு என்று டீச்சர் வகுப்பில் விசாரிக்கிறாள். கொடுமையை அன்றாடக் காரியமாக ஏற்றுக்கொண்டு, அதற்கும் ஒரு ஒழுங்குமுறை வைத்து நடத்துகிற இடம் எப்படி இருக்கும் என்பதைச் சேர்ல் கண்ணால் பார்த்தவர். அதற்கு ஒரு சீருடையும் இரட்டைப் பின்னலும் போட்டுவிட்டார். என் கணிப்பு இது. சேர்ல் தன் கார்ட்டூன்களுக்குப் பொழிப்புரை எழுதிக்கொண்டு உட்காரும் ஆள் இல்லை.

பிரிட்டனில் இந்தப் பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட கிராக்கி. 1948 தொடங்கிப் புத்தகம் புத்தகமாக வந்தது. வரைந்தவருக்கோ சலித்துவிட்டது. எங்கே போனாலும் 'அந்தப் பள்ளிக்கூடக்காரர்' என்றே கூப்பிட்டால் யாருக்குத்தான் சலிக்காது? 1953இல் பள்ளிக்கூடத்தை அணுகுண்டு வைத்துத் தகர்த்துக் கதையை முடித்தார். அடுத்த வருஷமே சினிமா வந்து, அவர் கொன்றதை உயிர்ப்பித்துவிட்டது.

சினிமா எடுத்தவர்கள் ஃபிராங்க் லாண்டர், சிட்னி கில்லியட் இரட்டையர். ஹிட்ச்காக்கின் 'தி லேடி வேனிஷஸ்' படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்கள். 1950இல் 'தி ஹாப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்' என்று ஒரு படம் எடுத்திருந்தார்கள். அரசாங்கத் தவறால் ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் ஒரே கட்டடத்தில் மாட்டிக்கொள்ளும் கதை. அதற்கு டைட்டில் படங்கள் வரைந்தவர் சேர்ல். ஆண்கள் பள்ளிக்கு அலஸ்டர் சிம், பெண்கள் பள்ளிக்கு மார்கரெட் ரதர்ஃபோர்ட் தலைமை. படம் நன்றாக ஓடியது. அடுத்ததாகச் செயிண்ட் டிரினியன்ஸையே எடுத்துவிடலாம் என்று இறங்கினார்கள்.

இறங்கிய பிறகுதான் சிக்கல். சேர்லின் கார்ட்டூன்களில் கதை கிடையாது. ஒரு கட்டம், ஒரு வாசகம், அவ்வளவே. பெயர் சொல்லும்படியான பாத்திரம் கிடையாது. கட்டத்துக்குள் ஒரு சிறுமி கோடரி வைத்திருந்தால் சிரிக்கலாம். நிஜமான பன்னிரண்டு வயதுப் பெண் திரையில் கோடரியைத் தூக்கினால் கொட்டகையே எழுந்து போய்விடும். கோட்டுக்கு ரத்தம் கிடையாது, நடிகைக்கு உண்டு. ஆக, கொலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மோசடியை வைத்தார்கள். வேதியியல் ஆய்வகத்தில் ஜின் சாராயம் வடிக்கிறார்கள். அதைப் பாட்டிலில் அடைத்து வெளியே விற்கத் தரகன் ஒருவன். குதிரைப் பந்தயத்தில் தில்லுமுல்லு. குதிரையையே கடத்திக்கொண்டுவந்து மாடியில் பிள்ளைகள் படுக்கும் அறையில் ஒளித்துவைக்கிறார்கள். தலைமையாசிரியை பள்ளியின் கடனை அடைக்க, கையில் இருந்த பணத்தை அதே குதிரையின் மேல் கட்டுகிறாள்.

பிரிட்டனில் ரேஷன் முறை கடைசியாக ஒழிந்தது 1954 ஜூலை 4. படம் வந்தது செப்டம்பரில். பதினாலு வருஷம் கூப்பனை வைத்துக்கொண்டு வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் வரிசையில் நின்ற ஜனங்கள் அவர்கள். கள்ளச்சந்தையில் ஏதாவது ஒன்றை வாங்காத குடும்பம் குறைவு. திரையில் சிறுமிகள் அதையே கூச்சமில்லாமல் செய்தபோது, கொட்டகையில் இருந்தவர்களுக்குத் தங்களைப் பார்த்த மாதிரி இருந்திருக்கும். அவ்வருஷம் பிரிட்டனில் வசூலை அள்ளிய படங்களில் இது ஒன்று.

சரி, நடிகர்கள். தலைமையாசிரியை மில்லிசென்ட் ஃபிரிட்டன் பாத்திரத்துக்கு முதலில் நினைத்தது மார்கரெட் ரதர்ஃபோர்டைத்தான். அவர் கால்ஷீட் கிடைக்கவில்லை. அலஸ்டர் சிம், ஃபிரிட்டனின் சகோதரன் கிளாரன்ஸாக, குதிரைப் பந்தயப் புக்கியாக, நடிக்க ஒப்புக்கொண்டிருந்தார். அப்புறம் சகோதரி வேஷத்தையும் அவரே போட்டுக்கொண்டார். யோசித்து வைத்த மாதிரி தோன்றும் இந்த இரட்டை வேடம், ஒரு நடிகைக்குத் தேதி ஒத்துவராததால் கிடைத்தது.

சிம் எடின்பரோக்காரர் என்பது இன்னொரு தற்செயல். நிஜப் பள்ளி இருந்த அதே ஊர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் நியூ காலேஜில், இறையியல் மாணவர்களுக்குப் பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்தவர். பிற்பாடு அதே பல்கலைக்கழகத்துக்கு ரெக்டராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆட்டோகிராஃப் போடவே மாட்டார். சர் பட்டம் வந்தபோதும் வேண்டாம் என்றவர்.

அவர் பெண் வேஷத்தில் என்ன செய்கிறார் என்பதைக் கிட்டத்திலிருந்து கவனியுங்கள். ஆண் நடிகர் புடவையோ கவுனோ கட்டினால் இடுப்பை ஆட்டுவார், குரலைக் கீச்சாக்குவார், 'நான் ஆம்பளைதான்' என்று கண்ணடிப்பார். சிம் இதில் ஒன்றையும் தொடவில்லை. எட்வர்ட் மன்னர் காலத்துப் பாணியில் உடை, கழுத்தில் முத்துமாலை, உயரத் தூக்கிக் கட்டிய கொண்டை. குரல் மெல்லிசாக, வாக்கியத்தின் கடைசியில் பெருமூச்சு மாதிரி இறங்கும். அவள் உண்மையிலேயே நல்ல மனுஷி. பள்ளி திவாலாகிவிடக் கூடாதே என்று தவிக்கிற கண்ணியமான அம்மாள். சுல்தான் ஒருவரின் மகள் புதிதாகச் சேர வருகிறாள். அவளுடைய கைச்செலவுப் பணத்தை இந்த அம்மாள் பத்திரப்படுத்துகிற காட்சியில் அந்த விரல்களைப் பாருங்கள். மற்றப் பள்ளிகள் உலகத்துக்குத் தயாரில்லாத பிள்ளைகளை வெளியே அனுப்புகின்றன, எங்கள் பிள்ளைகள் வெளியே போகும்போது உலகம்தான் தயாராக இருக்க வேண்டும் என்கிற கருத்தில் அவள் ஒரு வசனம் சொல்வாள். சிம் அதில் சிரிப்பு வரவேண்டும் என்று அழுத்துவதில்லை. பட்டமளிப்பு விழாவில் பேசுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார். கொட்டகை வெடிக்கும்.

ஜின் பாட்டிலை விற்றுக்கொடுக்கும் தரகன் ஃபிளாஷ் ஹாரி. முகத்தை மறைக்கும் தொப்பி, நீளக் கோட்டு, விசில் சத்தம் கேட்டால் புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பான். நடித்தவர் ஜார்ஜ் கோல். 1940இல் லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, நாடகத்தில் உடன் நடித்த இந்த ஏழை வீட்டுப் பையனையும் அவனுடைய வளர்ப்புத் தாயையும் அலஸ்டர் சிம்மும் மனைவி நவோமியும் கிராமத்துப் பக்கம் இருந்த தங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது பையனுக்குப் பதினைந்து வயது. வருஷக்கணக்கில் அங்கேயே வளர்ந்தான். லண்டன் கொச்சைப் பேச்சை வைத்துக்கொண்டு பெரிய வேஷம் வாங்க முடியாது என்று சிம் உட்காரவைத்து உச்சரிப்பைத் திருத்தினார். பேச்சுக்கலை வாத்தியார் அல்லவா! 1951இல் வந்த 'ஸ்க்ரூஜ்' படத்தில் கிழட்டுக் கருமி சிம். அதே கருமியின் இளமைப் பருவம் கோல். திருத்திய அந்தப் பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டு, விட்டொழித்த பழைய கொச்சையை மறுபடி எடுத்தபோதுதான் கோலுக்கு அழியாப் பெயர் கிடைத்தது, அதுவும் குருநாதர் கவுன் போட்டுக்கொண்டு எதிரே நின்ற படத்தில். பிற்பாடு தொலைக்காட்சியில் 'மைண்டர்' தொடரில் ஆர்தர் டேலி என்ற எத்தனாக நடித்தார். ஃபிளாஷ் ஹாரிக்கு வயதாகி வியாபாரம் பெருகினால் எப்படி இருப்பானோ அப்படி.

போலீஸ்காரி ரூபி கேட்ஸாக வரும் ஜாய்ஸ் கிரென்ஃபெல் பற்றி ஒரு வார்த்தை. விளையாட்டு ஆசிரியை வேஷத்தில் பள்ளிக்குள் உளவு பார்க்க அனுப்பப்படும் அப்பாவி. போர்க்காலத்தில் காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைகளுக்குப் போய்ப் பாடி மகிழ்விக்க வட ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை சுற்றியவர் அவர். மாணவிகள் கூட்டத்தில், பெயர்கூடப் போடாமல், ஒரு குட்டையான பெண் இருக்கிறாள்: பார்பரா வின்சர். பிற்பாடு 'கேரி ஆன்' படங்களில் கொடிகட்டிப் பறந்தவருக்கு இதுதான் முதல் படம்.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இசையைப் பற்றியது. இசையமைத்தவர் மால்கம் ஆர்னால்ட். லண்டன் ஃபில்ஹார்மானிக்கில் ட்ரம்பெட் வாசித்தவர், சிம்பொனிகள் எழுதியவர். முதல் நான்கு படங்களுக்கும் அவரே இசை. பள்ளிப் பாட்டுக்கு மெட்டு அவருடையது, வரிகள் கில்லியட்டுடையவை. இரண்டாவது படம் 'ப்ளூ மர்டர் அட் செயிண்ட் டிரினியன்ஸ்' 1957இல் வந்தது. அதே 1957இல் அதே ஆர்னால்ட் இசையமைத்த இன்னொரு படம், டேவிட் லீனின் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'. சேர்ல் கைதியாகக் கல் சுமந்த அதே ரயில்பாதையின் கதை. படம் பிடித்தது இலங்கையில், களனி ஆற்றங்கரையில் கித்துல்கலவில். அந்தப் பின்னணி இசையை எழுத ஆர்னால்டுக்குக் கிடைத்தது பத்தே நாள். ஆஸ்கர் விருதும் கிடைத்தது. ஒரே வருஷத்தில், ஒரே மனிதரின் மேசையில், சேர்ல் அனுபவித்த நரகத்துக்கும் அவர் கற்பனை செய்த நரகத்துக்கும் இசை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மரண ரயிலைப் பற்றி உலகம் பார்த்த அந்தப் பிரம்மாண்டப் படத்தில் மலேயாத் தமிழன் ஒருவனைத் தேடினால் கிடைக்க மாட்டான் என்பதையும் இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தடுத்த படங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 'ப்ளூ மர்ட'ரில் ஃபிரிட்டன் அம்மாள் ஜெயிலில். சிம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறார். அந்த வெற்றிடத்தை நிரப்ப சப்ரீனா என்ற கவர்ச்சி நட்சத்திரத்தைச் சுவரொட்டியில் பெரிதாகப் போட்டார்கள். படத்தில் அவர் கட்டிலில் படுத்துப் புத்தகம் படிக்கிறார். ஒரு வசனம் கிடையாது. 1960இல் 'தி ப்யூர் ஹெல்': தொடக்கத்திலேயே பள்ளியைக் கொளுத்திவிடுகிறார்கள். கிழக்குக் கட்டடத்துக்குத் தீ வைத்த கார்ட்டூனுக்குத் திரை கடைசியில் கணக்குத் தீர்த்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

1966 படம் வண்ணத்தில் வந்தது. மூன்று வருஷம் முன்பு, 1963 ஆகஸ்டில், தபால் ரயிலை மறித்து 26 லட்சம் பவுண்டு அடித்த கொள்ளை நாட்டையே கலக்கியிருந்தது. அதைக் கேலி செய்து ரயில் துரத்தல் வைத்தார்கள். அதைப் படம்பிடிக்க ஓடும் பாதை வேண்டுமே? ஹாம்ப்ஷயரில் ராணுவம் பயிற்சிக்கென்று வைத்திருந்த லாங்மூர் ரயில்பாதையைப் பயன்படுத்தினார்கள். ரயில்பாதை போடவும் ஓட்டவும் ராணுவப் பொறியாளர்களைப் பழக்கிய இடம் அது. பொறியாளர் படைச் சிப்பாயாக இருந்து, வேண்டாத ஒரு ரயில்பாதையைப் போட நேர்ந்தவரின் பிள்ளைகள் அங்கே எஞ்சினைக் கடத்தி விளையாடுகிறார்கள். மூன்று வருஷத்தில் அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். படத்தின் கடைசிப் பகுதி இன்று ரயில் பிரியர்களுக்கு ஓர் ஆவணம்.

1980இல் வந்த 'தி வைல்ட்கேட்ஸ்' படுதோல்வி. மாணவிகள் தொழிற்சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்கிறார்கள். ரேஷன் காலத்து எத்துவேலையில் இருந்த ருசி இதில் இல்லை, கவர்ச்சிதான் மிஞ்சியது. இந்தத் தொடரின் பலவீனம் ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்தது என்பேன். சேர்ல் வரைந்தவை பற்கள் துருத்திய, அசிங்கமான, அபாரமான குட்டிச்சாத்தான்கள். சினிமா அவர்களோடு குட்டைப் பாவாடை போட்ட பெரிய பெண்களையும் சேர்த்தது. பிறகு படத்துக்குப் படம் குட்டிச்சாத்தான்கள் பின்னுக்குப் போய்ப் பாவாடைகள் முன்னுக்கு வந்தன. 2007இல் புதிதாக எடுத்தபோது ரூபர்ட் எவரெட் தலைமையாசிரியையாகவும் அவளுடைய சகோதரனாகவும் நடித்துச் சிம்மின் வழக்கத்தைக் காப்பாற்றினார். அது வசூலும் செய்தது. சேர்ல் அப்போது பிரான்சில் இருந்தார். 1961இலேயே இங்கிலாந்தை விட்டுப் போய்விட்டவர், 2011 டிசம்பரில் தொண்ணூற்றொரு வயதில் அங்கேயே காலமானார். நிஜமான எடின்பரோப் பள்ளி 1946லேயே மூடிவிட்டது. பள்ளி இருந்த செயிண்ட் லெனார்ட்ஸ் மாளிகை இப்போது பல்கலைக்கழகத்தின் வசம் இருக்கிறது.

படப்பெட்டி தயார் என்று பின்னாலிருந்து கையைக் காட்டுகிறார்கள். இரண்டே வேண்டுகோள். டைட்டில் ஓடும்போது பேசிக்கொண்டிருக்காதீர்கள். அந்தப் பேய்ப்பிள்ளைகள் சேர்லின் கையால் வந்தவை. பிறகு, கல்வி அமைச்சகம் இந்தப் பள்ளிக்கு அனுப்பிய இன்ஸ்பெக்டர்கள் திரும்பி வரவே இல்லை என்று ஓரிடத்தில் கவலைப்படுவார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதைப் படத்தின் நடுவில் காட்டுவார்கள். அரசாங்க வேலையில் இருக்கிற நண்பர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் சத்தமாகவே சிரிக்கலாம்.

விளக்கை அணைக்கலாம்.